கல்லறை இடமும் கல்வெட்டும்: குடும்பங்கள் செய்துவிடும் தவறுகள்

அடக்கத்தன்று யாரும் சண்டை போடுவதில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, கல் வைக்கலாம் என்று ஒருவர் கிளம்பும்போதுதான் சிக்கல் தலைகாட்டும். கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுப்பார்கள். அதன் அடியில் 'உரிமையாளர் கையொப்பம்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்று அப்போதுதான் வீட்டில் முதன்முதலாகப் பேசுவார்கள். அண்ணனா, அம்மாவா, செலவு முழுவதையும் ஏற்ற தம்பியா? பதில் பல நேரம் இவர்களில் யாரும் எதிர்பார்க்காத பெயராக இருக்கும்.

இடத்தையே வாங்கிவிட்டதாக நினைப்பது

பெரும்பாலான பொதுக் கல்லறைத் தோட்டங்களில் நாம் பணம் கட்டுவது நிலத்துக்கு அல்ல. குறிப்பிட்ட ஒரு குழியில் யாரை அடக்கம் செய்யலாம், அதன்மேல் என்ன கல் நிற்கலாம் என்று முடிவு செய்யும் உரிமைக்குத்தான். நிலம் நிர்வாகத்துடையது. வீட்டுமனைப் பத்திரம் மாதிரி இதை எண்ணிப் பூட்டி வைத்துவிட்டால் முதலில் மறந்துபோவது தவணைக்காலம்தான்.

இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கல்லறைகளுக்கான 1977ஆம் ஆண்டு ஆணை, இந்த உரிமையை ஒரு முறைக்கு அதிகபட்சம் 100 ஆண்டுக்குத்தான் தர அனுமதிக்கிறது. பல இடங்களில் அதைவிடக் குறைவாகவே தருகிறார்கள். பிரான்சில் 15, 30, 50 ஆண்டு என்று தவணைகள் உண்டு. முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுக்குள் புதுப்பித்துக்கொள்ளலாம். நிரந்தர உரிமை என்று வாங்கியதும்கூட, பராமரிப்பில்லாமல் பாழடைந்தால் உரிய நடைமுறைக்குப் பிறகு அங்கே திரும்பப் பெறப்படலாம். சிங்கப்பூரில் 1998 முதல் அடக்கக் காலம் 15 ஆண்டுதான். அதன்பின் எச்சங்களை எடுத்து, சமய வழக்கத்தைப் பொறுத்து எரியூட்டுகிறார்கள் அல்லது சிறிய இடத்தில் மறு அடக்கம் செய்கிறார்கள்.

கல்லறை உரிமைப் பத்திரத்தைக் கையில் எடுத்தவுடன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: உரிமை எந்தத் தேதியில் முடிகிறது, அந்தக் குழியில் எத்தனை பேருக்கு இடம், உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது. பிறகு நான்காவதாக ஒரு வேலை. உங்கள் இன்றைய முகவரி அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். தவணை முடிவு அறிவிப்பு இருபது வருடத்துக்கு முன் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், குடும்பத்துக்கு விஷயம் தெரியும்போது கல்லே அங்கே இருக்காது.

பணம் கட்டியவரே உரிமையாளர் என்று எண்ணுவது

இங்கே மூன்று பாத்திரங்கள் உண்டு. ஒன்று, உடலை என்ன செய்வது என்று முடிவு செய்யும் அதிகாரம் உள்ளவர். உயில் இருந்தால் பொதுவாக அதை நிறைவேற்றுபவர், இல்லையென்றால் நெருங்கிய உறவு. இரண்டாவது, இறுதிச் சடங்குச் செலவை ஏற்றவர். மூன்றாவது, கல்லறைப் பதிவேட்டில் உரிமையாளராக எழுதப்பட்டவர். மூவரும் ஒருவராகவே இருக்கலாம். அப்படி இல்லாத குடும்பங்களில்தான் மனக்கசப்பு வருகிறது.

கல்லில் எந்தச் சொல் வரலாம் என்பதில் மூன்றாமவரின் கையெழுத்தே செல்லும். செலவு செய்தவர் ரசீதைக் காட்டி வாதாடிப் பயனில்லை. ரசீதில் பெயர் இருப்பது வேறு, பத்திரத்தில் பெயர் இருப்பது வேறு. துக்கத்தின் நடுவில், 'யார் பெயரில் எழுதட்டும்?' என்று எழுத்தர் கேட்கும்போது பக்கத்தில் நிற்கும் மருமகன் தன் பெயரைச் சொல்லிவிடுவார், உதவி செய்கிற நல்லெண்ணத்தில்தான். பதினைந்து வருடம் கழித்து, அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க அந்த மருமகனின் சம்மதம் வேண்டியிருக்கும். அதற்குள் அவர் குடும்பத்தோடு தொடர்பில்லாமல் போயிருக்கலாம். கணவன் அல்லது மனைவி உயிரோடு இருந்தால் அவர் பெயரும், கூடவே பிள்ளைகளில் ஒருவர் பெயரும் இருப்பது நல்லது. பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் சேர்ப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் கூட்டு உரிமை என்றால் ஒவ்வொரு அடக்கத்துக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும்.

உயிலில் எழுதிவிட்டால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. இங்கிலாந்துச் சட்டத்தில் இறந்த உடல் யாருக்கும் சொத்தல்ல, அடக்கம் குறித்த உயில் விருப்பம் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று 1882ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அந்த மரபைப் பின்பற்றும் பல நாடுகளில் இதே கருத்து நிலவுகிறது. அதனால் விருப்பத்தை உயிலில் எழுதுவதோடு நிறுத்தாமல், கல்லறை உரிமை யார் கையில் இருக்கிறதோ அவரிடம் நேராகச் சொல்லி வையுங்கள்.

உரிமையாளர் இறந்த பின் பெயர் மாற்றாமல் விடுவது

இந்தத் தவறைத்தான் அதிகக் குடும்பங்கள் செய்கின்றன. அப்பா பெயரில் உரிமை, அப்பாவை அதிலேயே அடக்கம் செய்தாயிற்று. அதற்குப் பொதுவாகத் தடை வராது, ஏனென்றால் உரிமையாளர் அவரேதான். அதன் பிறகு அந்தக் கல்லறைக்கு உயிரோடு உள்ள உரிமையாளர் இல்லை. கல் வைக்கவும் முடியாது, பெயர் சேர்க்கவும் முடியாது, அடுத்த அடக்கமும் நடக்காது. வாரிசு என்பதாலேயே உரிமை தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. பதிவேட்டில் மாற்ற வேண்டும். கேட்கப்படுவது வழக்கமாக இறப்புச் சான்று, மூலப் பத்திரம், உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் மெய்ப்பிப்பு ஆணை. உயில் இல்லாவிட்டால் வாரிசுகள் எல்லாரையும் பட்டியலிட்ட உறுதிமொழிப் பத்திரமும், உரிமையை விட்டுக்கொடுப்பவர்களின் ஒப்புதல் கடிதமும்.

இதை முதல் ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். ஒரு தலைமுறை தாண்டிவிட்டால் கையெழுத்திட வேண்டிய மூன்று பேர், இறந்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்துப் பதினோரு பேராகிவிடுவார்கள், அதுவும் நான்கு நாடுகளில்.

ஆழத்தைப் பற்றி முதல் நாளே சொல்லாமல் விடுவது

இருவருக்கான குழி என்றால் முதல் பெட்டி ஆழத்தில் இறங்க வேண்டும். முதல் அடக்கத்தின்போது ஒருவருக்கான ஆழத்தில் தோண்டிவிட்டால், மேலே இன்னொரு பெட்டிக்கும் அதன்மேல் இருக்க வேண்டிய மண்ணுக்கும் இடம் இராது. பிறகு சரிசெய்ய ஒரே வழி தோண்டி எடுப்பதுதான். அதற்குத் தனி அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது. குழி வெட்ட உத்தரவு கொடுக்கும் படிவத்திலேயே எத்தனை பேருக்கான ஆழம் என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது.

இதன் மறுபக்கம் அஸ்திக் கலசம். கலசத்தை முதலில் மேலாகப் புதைத்துவிட்டு, பிறகு ஒரு பெட்டியை இறக்க நினைத்தால், கலசத்தை முதலில் எடுக்க வேண்டும். அதுவும் தோண்டியெடுப்புக் கணக்கில்தான் வரும். பெட்டி முதலில், கலசம் பிறகு.

'இப்போதைக்கு இங்கே வைப்போம், பிறகு ஊருக்கு எடுத்துப் போகலாம்' என்ற எண்ணத்தோடு அடக்கம் செய்வதையும் தவிர்க்க வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் மேல்முறையீட்டு நீதிமன்றம், திருநிலைப்படுத்திய, அதாவது சடங்கு செய்து புனிதமாக்கிய, நிலத்தில் செய்த அடக்கம் நிரந்தரமானது, விதிவிலக்கான காரணம் இருந்தாலொழிய இடம் மாற்ற அனுமதி இல்லை என்று 2002இல் தெளிவாகச் சொன்னது.

கல்லை வாங்கிவிட்டு விதியைக் கேட்பது

உயரம், அகலம், தடிமன், கல்லின் நிறம், மெருகு, சுற்றுக்கட்டு போடலாமா, படம் பதிக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. புல்வெளிக் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் சுற்றுக்கட்டுக்கே இடமில்லை, புல் வெட்டும் வண்டி போக வேண்டும் என்பதால். முதலில் எழுத்து வடிவில் விதிகள், பிறகு அளவோடு வரைபடம், பிறகு அனுமதி, கடைசியில் கல்லுக்கு முன்பணம். இந்த வரிசை புரண்டால் கல் பட்டறையிலேயே நிற்கும்.

மண் இறுகுவதற்குள் கல் நடுவதும் வேண்டாம். தோண்டிய குழியில் நிரப்பிய மண் மாதக் கணக்கில் அமுங்கும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுப்பது வழக்கம். களிமண்ணாக இருந்தால் இன்னும் கூடுதலாக. தோண்டாத கெட்டி நிலத்தில் முன்பே கான்கிரீட் அடித்தளம் போட்டிருந்தால் மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. கல்லையும் பீடத்தையும் இணைக்கும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதா இரும்பு துருவேறிப் பருத்து, உள்ளிருந்தே கல்லைப் பிளந்துவிடும். விரிசல் தெரியவரும்போது கல்லை மாற்றுவதைத் தவிர வேறு வழியிராது.

எழுத்து: ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான்

தமிழில் பொறிக்கும்போது, குறிப்பாக வெட்டுபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதபோது, பிழை வரும் இடங்கள் ஏறத்தாழ எப்போதும் ஒன்றேதான். யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பிய வாசகத்தை அவர் தன் பழைய வரைகலை மென்பொருளில் ஒட்டுவார். அங்கே 'பொ' உடைந்துவிடும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். தமிழ் தெரியாத கண்ணுக்கு அது பிழையாகவே தெரியாது. அதனால் வாசகத்தைச் செய்தியாக அனுப்பாதீர்கள். எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைகோடுகளாக, மாற்றிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். பிறகு உண்மை அளவில் தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லி, அதைச் சுவரில் ஒட்டிப் படியுங்கள்.

மணல்பீச்சி வெட்டும் முறையில் கல்மேல் ரப்பர் உறை ஒட்டி, எழுத்து வரும் பகுதியை மட்டும் உரித்தெடுப்பார்கள். மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. உரிக்க மறந்தால் வெட்டப்படாது. 'கண்ணன்' என்பது 'கணணன' ஆகிவிடும். நேர்மாறாக, 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிக்குள் நிற்க வேண்டிய சின்ன ரப்பர் துண்டு காற்றழுத்தத்தில் பறந்துவிட்டால் சுழி அடைபட்டுக் குழியாகும். எழுத்தின் உயரம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போகாமல், தடித்த, எளிய எழுத்துருவாக இருந்தால் இந்த ஆபத்து குறையும். உறையை ஒட்டிய பிறகு, வெட்டுவதற்கு முன், ஒரு புகைப்படம் அனுப்பச் சொல்லிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

ஒலிபெயர்ப்பு விசைப்பலகை செய்யும் கோளாறு தனி. 'வள்ளியம்மை' என்று நினைத்து அடித்தால் 'வல்லியம்மை' வரும், 'நடராஜன்' சில நேரம் 'னடராஜன்' ஆகும். வீட்டில் தமிழ் நன்றாகப் படிக்கும் இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் வாசகத்தை எழுதியவராக இருக்கக் கூடாது. எழுதியவர் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும்.

தேதியில் 04-07-2021 என்று போட்டால் சிலர் ஜூலை என்பார்கள், சிலர் ஏப்ரல் என்பார்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ஆவணத்தில் ஒரு பிறந்த தேதியும் வீட்டில் கொண்டாடிய தேதி வேறொன்றுமாக இருந்தால், எதைப் போடுவது என்று வெட்டும் முன் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள்.

உறவுச் சொல்லில் கவனம் வேண்டும். 'இங்ஙனம், துயருறும் மனைவி, மக்கள்' என்று அடியில் வெட்டிவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து மனைவியும் அதே இடத்துக்கு வரும்போது அந்த வரி பொருந்தாமல் நிற்கும், அதை அழிக்கவும் முடியாது. இருவருக்கான கல்லில் கீழ்ப் பாதியை வெறுமையாக விடுங்கள். முதல் பெயரின் எழுத்துரு, உயரம், ஆழம் ஆகியவற்றைக் குறித்து வரைபடத்தைப் பத்திரத்தோடு வையுங்கள். இரண்டாவது பெயர் வேறு எழுத்துருவில் வந்தால் பார்க்கும்போதெல்லாம் மனதை உறுத்தும். மறுமணம் இருந்த குடும்பங்களில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் போடுங்கள், அல்லது ஒருவர் பெயரையும் போடாதீர்கள். பாதிப் பேரை விட்ட கல், பெயர் விடுபட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு வருகையிலும் ஒரு காயம்.

உரிமையாளர் சம்மதித்தாலும் வாசகத்துக்கு நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும். முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் படையினரின் கற்களில் குடும்பத்தார் சேர்க்கும் வரிக்கு 66 எழுத்து வரம்பு இருந்தது, இடைவெளிகளும் அதில் அடக்கம். நியூசிலாந்து அரசு தன் வீரர்களின் கற்களில் அத்தகைய வரியே வேண்டாம் என்றது. 2020இல் இங்கிலாந்தில் ஒரு திருச்சபைக் கல்லறையில், மொழிபெயர்ப்பு இல்லாமல் ஐரிஷ் மொழி வாசகம் கூடாது என்று மறைமாவட்ட நீதிமன்றம் மறுத்தது. குடும்பம் மேல்முறையீடு செய்து 2021இல் வென்றது. வேற்றுமொழிச் சூழலில் தமிழ் வாசகம் கேட்பவர்கள், விண்ணப்பத்தோடே அதன் பொருளைத் தனித் தாளில் எழுதி இணைத்தால் பல மாதத் தாமதம் தவிரும். எழுத்தெண்ணிக்கைக்குக் கட்டணம் என்றால் 'கொ' ஒன்றா மூன்றா என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

நின்ற கல்லைக் கெடுப்பது

கல் நட்டவர் அல்லது அவர் வாரிசே பொதுவாக அதன் உரிமையாளர். சாய்ந்து யார்மீதாவது விழுந்தால் பொறுப்பும் பெரும்பாலும் அவர்களைத் தேடி வரும். வருடத்துக்கு ஒருமுறை அசைகிறதா என்று பார்த்து, அசைந்தால் கல் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். சுத்தம் செய்யத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். அமிலம் பளிங்கைக் கரைக்கும், சலவைப் பிளீச் உப்பைக் கல்லுக்குள் விட்டுச் செல்லும், கம்பித் தூரிகை எழுத்தின் ஓரத்தை மழுங்கடிக்கும். தேய்ந்த பழைய எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள். ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் விழச் செய்தால் நிழலிலேயே எழுத்து எழுந்து தெரியும். அப்போது ஒரு படம் எடுத்து, பகுதி, வரிசை, குழி எண்ணைக் குறித்துப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.