நோயல் பிரவுனைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளம் அமைச்சர் ஒருவர் தாய்-சேய் நலத்திட்டம் கொண்டுவந்தார், கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அவர் பதவி போனது. அயர்லாந்தின் நோயல் பிரவுனைப் பற்றி எழுதும் பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இதில் பொய் இல்லை, ஆனால் இது பாதிக் கதைதான்.

பழி முழுவதையும் ஆயர்கள் மேல் போடுவதுதான் பெரிய தவறு. தாய்மார்களுக்கும் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கும், வருமானம் பார்க்காமல் இலவச மருத்துவம் என்பது திட்டம். பிள்ளைகளின் உடல்நலம் குடும்பத்தின் பொறுப்பு, அரசு அதில் தலையிடக்கூடாது என்றார்கள் ஆயர்கள். சரி, டாக்டர்கள் சங்கம்? பணம் கொடுத்து வருகிற நோயாளிகள் கைவிட்டுப் போய்விடுவார்களே என்று அவர்களும் விடாமல் எதிர்த்தார்கள். பிரதமர் காஸ்டெல்லோவும் சக அமைச்சர்களும் துணை நிற்கவில்லை. 1951 ஏப்ரலில் ராஜினாமா கடிதம் கேட்டதே பிரவுனுடைய சொந்தக் கட்சித் தலைவர் ஷான் மக்பிரைடுதான். பிரவுன் சும்மா போகவில்லை. ஆயர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தை ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகைக்குக் கொடுத்தார். மறுநாளே நாடு முழுக்க அதைப் படித்தது. அந்தத் துணிச்சலை இன்னும் உரக்கப் பாராட்ட வேண்டும்.

திட்டம் அவர் மூளையில் உதித்தது என்று எழுதுவதும் தவறு. அதற்கு வேர், முந்தைய ஃபியனா ஃபாயில் கட்சி அரசு நிறைவேற்றிய 1947 சுகாதாரச் சட்டம். ஆயர்களின் ஆட்சேபமும் அப்போதே தொடங்கிவிட்டது.

காசநோயை அவர் ஒருவரே ஒழித்தார் என்பார்கள். பெற்றோரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர், தானும் அதில் விழுந்து எழுந்தவர். 1948-இல், 32 வயதில், நாடாளுமன்றத்தில் காலெடுத்து வைத்த அன்றே சுகாதார அமைச்சரானார். லாட்டரி மூலம் மருத்துவமனைகளுக்கு வந்த நிதியை எடுத்து, சானடோரியங்களில், அதாவது காசநோய் மருத்துவமனைகளில், படுக்கைகளை வேகவேகமாகக் கூட்டினார். ஆனால் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வந்ததும் அதே காலத்தில்தான்; அடிப்படைத் திட்டங்களும் முன்பே தயாராகிக்கொண்டிருந்தன. வேகம் அவருடையது, அதுவே பெரிய விஷயம்.

அப்புறம், 1951-ஓடு அவர் அரசியல் முடிந்தது என்று எழுதாதீர்கள். அதே ஆண்டு சுயேச்சையாக ஜெயித்தார். ஃபியனா ஃபாயில், தான் தொடங்கிய புதுக் கட்சி, தொழிற்கட்சி என்று மாறி மாறி, இடையிடையே தோற்றாலும், 1982 வரை அரசியலில் இருந்தார். மறுபடி அமைச்சராகவில்லை, அவ்வளவுதான்.

1986-இல் வந்த அவருடைய தன்வரலாற்றை மட்டும் நம்பி எழுத வேண்டாம். கோபத்தோடும் வலியோடும் எழுதிய நூல் அது. மக்பிரைடைப் பற்றி அதில் வருவதை 1951-இல் அச்சான கடிதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.