ஊரில் நிலம், சென்னையில் வீடு: விவசாய மானியம் எங்கே கைநழுவுகிறது?

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறில் பஸ் பிடித்து உத்திரமேரூர் பக்கம் போய் அப்பா விட்டுப்போன நிலத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர், அதில் நானும் ஒருவன். சொட்டுநீர், பண்ணைக்குட்டை, ஏரி வண்டல், மரக்கன்று என்று மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்ற அரசு தரும் உதவிகள் எங்கள் எல்லாருக்குமே தெரியும், எங்களுக்குத் தகுதியும் இருக்கிறது. அப்படியும் ஆளுக்கு ஒரு முறையாவது கோட்டை விட்டிருக்கிறோம். முதலில் செய்ய வேண்டிய வேலையைக் கடைசிக்குத் தள்ளியதுதான் காரணம்.

சென்னையில் இருப்பவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் சேப்பாக்கம். வேளாண்மை இயக்குநரகம் அங்கே இருப்பது உண்மைதான், ஆனால் உங்கள் மனுவைப் பார்க்கப்போவது நிலம் எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அங்கே இருக்கும் அலுவலகம். அதிலும் நெல், கரும்பு, வேர்க்கடலை என்றால் வேளாண்மைத் துறை. மா, காய்கறி, பூ என்றால் தோட்டக்கலைத் துறை. பண்ணைக்குட்டை, சூரியசக்தி பம்புசெட் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. அரை நாள் லீவு போட்டுவிட்டு சேப்பாக்கம் எழிலகத்தில் அலைவதைவிட, விவசாயிகளுக்கான அரசின் உழவன் செயலியில் பதிவு செய்துவிட்டு, உங்கள் ஊரைப் பார்க்கும் உதவி வேளாண்மை அலுவலர் யார் என்று அதிலேயே பார்த்து ஒரு போன் போடுவது மேல்.

சரி, பெரிய சிக்கலுக்கு வருகிறேன். பட்டா.

எங்கள் நிலம் 1 ஏக்கர் 80 சென்ட். சொட்டுநீருக்கு மனு கொடுத்தபோது பட்டாவில் அப்பா பெயர்தான் இருந்தது, அவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மனு திரும்பி வந்தது. வாரிசுச் சான்று வாங்கி, அக்காவிடம் கையெழுத்து வாங்கி, பட்டா மாறுதல் முடிவதற்குள் ஒரு விதைப்புப் பட்டமே போய்விட்டது. கூட்டுப் பட்டா இன்னும் மோசம். அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில் 6 ஏக்கர் இருந்தால், உங்கள் பங்கு எது என்று காகிதம் சொல்லாது. தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. அந்தச் சிறு, குறு விவசாயி சான்றைத் தாசில்தார்தான் தர வேண்டும், அவர் பார்ப்பதும் இதே காகிதத்தைத்தான். முடிந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிடுங்கள். அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரத்திலும்’ இணையதளத்தில் பட்டாவையும் புல வரைபடத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பார்க்கும்போது பட்டாவில் உள்ள பெயரையும் ஆதாரில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் அலைச்சல்தான்.

அப்புறம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு. நிலத்துக்குப் போகவே முடியாமல் இரண்டு போகம் சும்மா கிடந்திருந்தால் அடங்கலில் தரிசு என்று ஏறியிருக்கும். மனுவில் கத்தரி என்று எழுதி, அடங்கலில் தரிசு என்று இருந்தால் எந்த அலுவலர் கையெழுத்துப் போடுவார்? பயிர் வைத்த உடனே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துப் பதிவாகிவிட்டதா என்று கேட்டுவிடுங்கள்.

பணத்தோடு போகும் தவறு ஒன்று இருக்கிறது, அனுமதி வரும் முன்பே வேலையை ஆரம்பிப்பது. எங்கள் பக்கத்து நிலத்து அண்ணன், மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கைக்காசு போட்டு ஜேசிபியை இறக்கிக் குட்டை வெட்டிவிட்டார். ஒரு மாதம் கழித்து மனுவோடு போனார். வந்து பார்த்த அலுவலர் கரையில் நின்று சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “ஐயா, வெட்டி முடிச்ச குழியை நான் எப்படிய்யா அளந்து எழுதுறது?” அவர் சொன்னது நியாயம்தான். வெட்டும் முன் ஒரு படம், வெட்டிய பின் ஒரு படம், அளவுப் புத்தகத்தில் ஒரு பதிவு, இதெல்லாம் இருந்தால்தான் பணம் வரும். சொட்டுநீரும் அப்படித்தான், பணி ஆணை வரும் வரை ஒரு முழம் குழாய்கூடப் பதிக்காதீர்கள்.

சொட்டுநீருக்கு 100 சதவீதம் என்றதும் மோட்டார் முதல் எல்லாமே இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்குத்தான் மானியம், அதற்கு மேல் போனால் நம் கைக்காசு. சொட்டுநீர்க் கம்பெனி ஆள் மனுவை நிரப்பித் தருவார், தரட்டும். ஆனால் போன் நம்பர் கட்டத்தில் உங்கள் நம்பர்தான் இருக்க வேண்டும், ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது. ஒரு முறை வாங்கினால் அதே நிலத்துக்கு மறுபடி வாங்க 7 வருஷம் ஆகும் என்பதால் பராமரிப்பும் முக்கியம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம். மூன்று மாதம் வடிகட்டியைத் திறக்காமல் விட்டதில், உள்ளே இருந்த தட்டுகள் செங்கல் நிறத்துக்கு மாறி, சேறு மாதிரி வழவழவென்று படிந்திருந்தது. கடைசி வரிசைச் செடிகள் அதற்குள் வாடிவிட்டன. தண்ணீரை முன்பே பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் அதற்கேற்ற வடிகட்டி கேட்டிருக்கலாம்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்குக் குறைவே இல்லை, வண்டல் மண்ணும் விவசாயத்துக்கு இலவசம்தான். 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது, ஆன்லைனில் மனு போடலாம். ஆனால் அரசிதழில் அறிவித்த ஏரியில்தான் எடுக்க முடியும். “நம்ம ஊர் ஏரிதானே” என்று அனுமதி இல்லாமல் டிராக்டரை இறக்கினால் மணல் திருட்டு மாதிரி வழக்காகிவிடும், வண்டியும் போய்விடும். கோடையில் ஏரி வறண்டிருக்கும்போதுதான் அள்ள முடியும் என்பதால், பொங்கல் முடிந்த கையோடு காகிதங்களைச் சரிபார்த்து வைத்துக்கொண்டால் சித்திரையில் வண்டி ஓட்டலாம்.