ஒரே ரிடிமில் பல பாட்டு: எப்படிக் கேட்பது?

ஜமைக்காவின் நடன இசையான டான்ஸ்ஹால் கேட்க ஆரம்பிக்கிறவர்கள் பாடகர் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். நான் சொல்வது, ரிடிம் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஜமைக்காவில் தயாரிப்பாளர் டிரம், பேஸ் எல்லாம் சேர்த்து ஒரு பின்னணி இசையைச் செய்து அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுவார், அதுதான் ரிடிம். அப்புறம் பல பாடகர்கள் வந்து அவரவர் வரியையும் மெட்டையும் அதே இசையின் மேல் பாடிப் பதிவு செய்வார்கள். இது காப்பி இல்லை, அங்கே தொழிலே அப்படித்தான்.

முதலில் 'திவாலி' ரிடிமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆமாம், நம் தீபாவளியின் பெயர்தான். செய்தவர் ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன். பாட்டு இல்லாத வெறும் இசையை ('வெர்ஷன்' என்பார்கள்) இரண்டு தடவை ஓடவிட்டு, கைத்தட்டலை மட்டும் கவனியுங்கள். சீரான இடைவெளியில் விழாமல் கொத்துக் கொத்தாக வரும். அது மனதில் பதிந்த பிறகு சீன் பாலின் 'கெட் பிஸி', வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ', நியூயார்க் பாடகி லுமிடியின் 'நெவர் லீவ் யூ', இந்த வரிசையில் போடுங்கள். சீன் பால் வார்த்தைகளை நறுக்கி நறுக்கிப் போடுவதால் குரலே இன்னொரு டிரம் மாதிரி ஆகிவிடும். வெய்ன் வொண்டர் ராகத்தை இழுத்துப் பாட, அதே கைத்தட்டல் பின்னால் ஒதுங்கி காதல் பாட்டுக்கு வழிவிடும். என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் பெரிய சாதனை. 2003-இல் 'கெட் பிஸி' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கே போனது.

அடுத்து, இந்தப் பாட்டுகளை நீங்களே ஒன்றோடொன்று கோர்த்துப் பாருங்கள். வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் எந்த டிஜே ஆப்பிலும் சுலபம். ஒரு பாட்டின் பல்லவி முடிகிற இடத்தில் அடுத்த பாட்டைத் தாளத்தின் முதல் அடியிலேயே சரியாக ஆரம்பித்துவிடுங்கள். ஜமைக்காவின் நடன இரவுகளில் இசைத்தட்டு போடும் செலக்டர்கள் செய்வதும் இதுதான், அதற்கு ஜக்லிங் என்று பெயர். எந்தப் பாட்டையும் முழுசாக ஓடவிடாதீர்கள், ஒரு சரணம் ஒரு பல்லவி போதும்.

பழசு பக்கம் போக ஆசையா? தயாரிப்பாளர் கிங் ஜாமி 1985-இல் வெளியிட்ட 'ஸ்லெங் டெங்' ரிடிமின் அடித்தளமே கேசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் ஏற்கெனவே இருந்த 'ராக்' தாளம்தான். அதில் வெய்ன் ஸ்மித், டெனர் சா இருவரின் பாட்டையும் கேளுங்கள். அப்புறம் எழுபதுகளின் 'ஸ்டாலக்' ரிடிம்: சிஸ்டர் நான்சியின் 'பாம் பாம்' முடிந்ததும் டெனர் சாவின் 'ரிங் தி அலாரம்' போடுங்கள், பேஸ் நன்றாகக் கேட்கிற மாதிரி ஹெட்போனில்.