ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு மனு கொடுப்பது எப்படி?

என் மகனுக்கு ஹீமோபீலியா ஏ, அதாவது ரத்தம் எளிதில் உறையாத பிறவி நோய், கடுமையான வகை. முழங்கால் வீங்கினால் பஸ் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடி ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 ஊசி போட்டு வருவோம். அன்றைக்கு அவனுக்குப் பள்ளி போச்சு, எனக்குக் கூலி போச்சு.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதே நோயுள்ள ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்கள்) எடுத்து, ஃபேக்டர் 8 உண்டாக்கும் மரபணுவைச் சேர்த்து, அவரவர் உடம்பிலேயே திரும்பச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை! அதற்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் தந்திருக்கிறது. ஐந்து பேர் ஐம்பது பேராக வேண்டுமென்றால் நாம்தான் கேட்க வேண்டும்.

என் முதல் மனு நான்கு பக்கம், முழுக்கக் கண்ணீர். சிகிச்சைக்கு உதவி கேட்கிறேன் என்று நினைத்து வேறு பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால் "ஆராய்ச்சிக்கான நிதி" என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். ஒரு பக்கம் போதும். கூடவே ஒரு நோட்டுக் கணக்கு: ரத்தம் கசிந்த தேதி, போட்ட யூனிட், போகாத பள்ளி நாள், பஸ் செலவு. எங்கள் நோட்டை இப்போது மகனே எழுதுகிறான்.

உங்கள் எம்.பி.யிடம் வெறும் ஆதரவு கேட்காதீர்கள். மக்களவையில் கேட்கக் கேள்வியையே எழுதிக் கொடுங்கள்: "ரத்த ஸ்டெம் செல் வழி மரபணு சிகிச்சை ஆய்வுக்குக் கடந்த 5 ஆண்டுகளில் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, அடுத்தகட்டப் பரிசோதனைக்குத் திட்டம் என்ன?" கேள்வி ஏற்கப்பட்டு பட்டியலில் வந்துவிட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேள்வி அறிவிப்பு குறைந்தது 15 நாள் முன்னால் போக வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தேதி வந்த அன்றே எம்.பி. அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். இதே கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நீங்களே கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பிப்ரவரி 1-ல் பட்ஜெட் வந்தபின், அறிவியல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு உயிரித் தொழில்நுட்பத் துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது அந்த ஆண்டுக்கு அது கேட்கும் நிதியை, பரிசீலிக்கும். ஒரு பிரதி அங்கேயும் போகட்டும்.

ஒன்றை மட்டும் கலக்காதீர்கள். எல்லா நோய்க்கும் ஸ்டெம் செல் போடுகிறோம் என்று காசு வாங்கும் இடங்களுக்காக மனு எழுத வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, பரிசோதனையில் இருக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அந்த வரியையும் மனுவில் சேருங்கள். நாம் கேட்பது எது என்று படிக்கிறவருக்குச் சட்டென்று விளங்கும்.