முட்டைக்கோழிக்கு லைட் எப்போ, எவ்வளவு நேரம் போடணும்

கோழிக்கு வெளிச்சம் மண்டையோட்ட தாண்டி நேரா மூளைக்கே போகுது, அங்க ஜிஎன்ஆர்எச்ங்கிற ஹார்மோன் சுரந்து, மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பில இருந்து எஃப்எஸ்எச், எல்எச்னு ரெண்டு ஹார்மோன் வரும், இதுங்கதான் சினைப்பைய முட்டைக்கு தயார் பண்ணும், அதனாலதான் உடம்பு தேறாத, குஞ்சு வளர்ற காலத்துல லைட் நேரத்த கூட்டவே கூடாது. 18 வாரம் ஆகி உடம்பு எடையும் வந்த பிறகு, வாரத்துக்கு அரைமணி நேரமா கூட்டி 16 மணி நேரத்துல நிறுத்துங்க. கூட்டுறத விடிகாலைல கூட்டுங்க, சாயங்காலம் திடீர்னு லைட் அணைஞ்சா கோழி பரண் ஏற முடியாம தவிக்கும், பாவம்.

முட்டையிடுற கோழிய வெட்டுனா இடதுபக்க சினைப்பைல பாருங்க, மஞ்சக்கருவெல்லாம் திராட்சைக் கொத்து மாதிரி சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் வரிசையா தொங்கும். 6-8 மில்லிமீட்டர்ல இருக்குறதுல ஒண்ண எஃப்எஸ்எச் வரிசைக்குள்ள ஏத்தும், தினமும் கிட்டத்தட்ட ஒண்ணு. இருக்குறதுலயே பெருசு புரோஜெஸ்டிரான்ங்கிற ஹார்மோன விடும், அது எல்எச்ச கூட்டும், 4-6 மணி நேரத்துல அத மூடியிருக்குற பை ரத்தக்குழாயே இல்லாத வெளிறின கோட்டுல கிழிஞ்சு மஞ்சக்கரு வெளிய வரும்.

முட்டையிட ஆரம்பிச்சப்புறம் லைட் நேரத்த குறைச்சா இந்த வரிசையே சுருங்கிடும், இத மட்டும் பண்ணவே பண்ணாதீங்க, கரண்ட் அடிக்கடி போற ஊருன்னா பேட்டரி லைட் வச்சுக்கோங்க.