ரயிலுக்குள் ஓடும் மின்சாரம்: ஏறி, நின்று, கேட்டுக் கற்பது எப்படி?

இந்தப் பாடத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஏற ஈசி-லிங்க் பயண அட்டையும் இரண்டு காதுகளும் போதும்.

படி 1: மின்சாரம் வரும் வழி

லிட்டில் இந்தியா நிலையத்தில் தொடங்குங்கள். அங்கே சந்திக்கும் இரண்டு பாதைகளுக்கும் மின்முறை வேறு வேறு. இரண்டிலும் ஓட்டுநர் இல்லை என்பதால் முதல் பெட்டியின் முன்கண்ணாடி அருகே நிற்கலாம், சிறுவர்கள் முந்திக்கொள்ளாவிட்டால். வடகிழக்குப் பாதையில் 1500 வோல்ட் நேர்மின்சாரம் (டிசி) தலைக்கு மேலிருந்து, ரயிலின் கூரையில் உள்ள ‘பேன்டோகிராஃப்’ எனும் மடக்குக் கை வழியாக இறங்குகிறது. டௌன்டவுன் பாதையில் 750 வோல்ட்தான். ஓரமாகச் செல்லும் மூன்றாவது தண்டவாளத்தை ‘ஷூ’ எனும் உலோகத் துண்டு உரசி எடுத்துக்கொள்கிறது.

படி 2: சுருதியைக் கேளுங்கள்

ரயில் கிளம்பும்போது தரைக்கடியில் ஒரு சுருதி ஏறும். அது இன்வெர்ட்டரின் குரல். நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி, அதன் அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட மோட்டார் வேகமெடுக்கிறது.

அடுத்த நிலையம் நெருங்கியதும் சுருதி இறங்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். இப்போது மோட்டார் சக்கரத்தைச் சுழற்றவில்லை. சக்கரம்தான் மோட்டாரைச் சுழற்றுகிறது. ரயிலின் வேகம் மின்சாரமாக மாறி வந்த வழியே திரும்புகிறது. அருகில் புறப்படும் வேறொரு ரயில் அதை வாங்கிக்கொள்ளும். வாங்க ஆளில்லாதபோது அதை வெப்பமாக்கி வீணடிக்க வேண்டும், அல்லது அதற்கான சாதனம் உள்ள துணைமின்நிலையம் வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். முழுதாக நிறுத்திப் பிடிப்பது மட்டும் உராய்வு பிரேக்கின் வேலை.

படி 3: வீட்டுச் செலவு

விளக்கு, கதவு, அறிவிப்பு, குளிர்சாதனம் எல்லாம் தனிக் கணக்கு. துணை இன்வெர்ட்டர்கள் அவற்றைக் கவனிக்கின்றன. இதில் பெருந்தீனிக்காரர் குளிர்சாதனம்தான். ஒரு துணை இன்வெர்ட்டர் பழுதானால் மற்றது சுமையை ஏற்கும். முதலில் குறைக்கப்படுவதும் குளிர்சாதனமே.

படி 4: மின்சாரம் போனால்

மிஞ்சுவது பேட்டரி. அவசர விளக்கு, அறிவிப்பு, காற்றோட்டம் ஆகியவற்றை அது கொஞ்ச நேரம் தாங்கும், குளிர்சாதனத்தைத் தாங்காது. 2011 டிசம்பரில் வடக்கு தெற்குப் பாதையில் மூன்றாவது தண்டவாளம் தொய்ந்து ரயில்கள் நின்றபோது, ஒரு பயணி காற்றுக்காகத் தீயணைப்பானால் சன்னலை உடைத்தார்.

அடுத்த முறை சுரங்கத்தில் ரயில் நின்றால் காற்றுத் துளையின் கீழே கையை நீட்டிப் பாருங்கள். சில்லென்ற காற்று தொடர்ந்து வந்தால் மின்சாரம் இருக்கிறது. பெரும்பாலும் முன்னால் உள்ள ரயில் நகரத்தான் காத்திருக்கிறீர்கள்.