ஒரு பழைய ரிக்கார்டுக்கு ஒரு வாரம்

வெளிவந்த காலத்தில் யாரும் கண்டுகொள்ளாத ராக், பாப் ஆல்பங்களை இப்போது எப்படிக் கேட்பது என்று யாராவது கேட்டால், ஓர் ஆல்பத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த ஏழு நாளும் வேறு ஆல்பம் வேண்டாம். ஒரே தடவை கேட்டுவிட்டு நகர்ந்துபோகிறவர்களிடம் இந்த மாதிரி இசை தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. 1960-களின் ஆங்கிலேய ராக் குழுவான ஸோம்பீஸின் 'ஒடெஸ்ஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பத்தில் எனக்கு அதுதான் நடந்தது. கடைசிப் பாட்டான 'டைம் ஆஃப் த சீசன்' எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அதை மட்டும் கேட்டுக்கொண்டு மற்ற பதினொன்றையும் ஆறு வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்.

எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்க 'சிறந்த நூறு' பட்டியல்கள் பக்கம் போகாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஓர் ஆல்பத்தின் பின் அட்டையைப் படியுங்கள். எந்த ஸ்டூடியோ, யார் ஒலிப்பதிவு, எந்த வருடம். எனக்கு பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' மீது உயிர். அது 1967-இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் முடிந்தது, ஒலிப்பதிவு ஜெஃப் எமரிக். அடுத்து அந்தக் கட்டடத்தில் யார் வேலை செய்தார்கள் என்று தேடினேன். அதே வருடம், நான்கு தனித்தடங்களில் ஒலியைப் பதியும் அதே நான்கு டிராக் இயந்திரங்களில், ஸோம்பீஸ் தங்கள் ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்திருக்கிறார்கள். எமரிக்கும் அதில் இருந்தார். தெரிந்த வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போவது மாதிரிதான் இது.

முதல் நாள் முழுசாகக் கேளுங்கள், அவ்வளவுதான். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். மறுபதிப்புகளில் பின்னால் ஒட்டியிருக்கும் கூடுதல் பாடல்களையும் விட்டுவிடுங்கள். ஆறாவது பாட்டு 'ஹங் அப் ஆன் எ ட்ரீம்' முடிந்ததும் நிறுத்தி, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இசைத்தட்டில் அந்த இடத்தில்தான் பக்கம் புரட்ட வேண்டும். அந்த இடைவெளியை மனதில் வைத்துத்தான் அவர்கள் பாடல்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்.

இரண்டாம், மூன்றாம் நாட்களில் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒரே ஒரு வாத்தியத்தின் பின்னால் போங்கள். நான் அடி ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிடாரில் தொடங்குவேன். முதல் பாட்டு 'கேர் ஆஃப் செல் 44'-இல் கிறிஸ் ஒயிட்டின் பேஸ் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்பதில்லை, தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு ஓடுகிறது. நடுவில் ஓரிடத்தில் வாத்தியங்கள் விலகி, குரல்கள் மட்டும் அடுக்கடுக்காக நிற்கும். அங்கே நான் இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

அப்புறம் மெல்லோட்ரான். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் வயலின், புல்லாங்குழல் என்று முன்பே பதிந்துவைத்த ஒரு துண்டு டேப் ஓடும் கீபோர்டு அது. டேப் எட்டு நொடிபோல ஓடித் தீர்ந்துவிடும். ஜான் லென்னனின் மெல்லோட்ரான் ஸ்டூடியோவிலேயே கிடந்தது, அதைத்தான் வாசித்தோம் என்று குழுவின் கீபோர்டு கலைஞர் ராட் ஆர்ஜென்ட் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தைப் பதிவு செய்யக் கிடைத்த பணமே 1,000 பவுண்டுதான், பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அது போதாது. நீங்கள் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா என்று நினைக்கும் இடங்களில் ஒலிப்பது அந்தப் பெட்டிதான்.

நான்காம் நாள் பாடல் வரிகளை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பாட்டில் நமக்கு முதலில் மெட்டுதான் போய்ச் சேரும், சொற்கள் பின்தங்கிவிடும். 'கேர் ஆஃப் செல் 44'-ஐக் காலை வெயில் மாதிரியான காதல் பாட்டு என்றே நினைத்திருந்தேன். வரிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, அது சிறையிலிருந்து விடுதலையாகி வரப்போகிறவருக்கு எழுதும் கடிதம். அதற்கப்புறம் அந்தத் துள்ளலே வேறு மாதிரி கேட்கத் தொடங்கிவிட்டது.

எல்லா ஒலியும் ஒன்றாக வரும் மோனோ, இடம் வலம் என்று பிரிந்து வரும் ஸ்டீரியோ, இரண்டு வடிவமும் கிடைத்தால் ஒரு நாளை அதற்கே ஒதுக்குங்கள். பதிந்த ஒலிகளைக் கலந்து செய்யும் இறுதி வடிவமான மிக்ஸ், முதலில் மோனோவில்தான் தயாரானது. ரிக்கார்டு கம்பெனி ஸ்டீரியோவும் கேட்டபோது, ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் அந்தச் செலவைத் தங்கள் சொந்த ராயல்டி பணத்திலிருந்து கொடுத்தார்கள். 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டில் ஊதுவாத்தியங்களை மோனோ மிக்ஸ் செய்யும்போதே நேராகச் சேர்த்துவிட்டதால், அவை தனி டிராக்கில் இல்லை, ஸ்டீரியோவுக்காகப் பிரித்தெடுக்கவும் முடியவில்லை. ஒரு வேலையை எவ்வளவு நெருக்கடியில் முடித்திருக்கிறார்கள் என்று இதில் காதாலேயே தெரிந்துகொள்ளலாம்.

வரலாற்றைக் கடைசியில் படியுங்கள். முன்னாலேயே படித்தால் இரக்கம் காதை அடைத்துவிடும். 1967 முடிவதற்குள் குழு கலைந்துவிட்டது. ஆல்பம் 1968 ஏப்ரலில் வந்தபோது அதை மேடையில் பாட ஆளில்லை. பாடகர் காலின் பிளன்ஸ்டோன் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார். அமெரிக்காவில் இதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று இசைக்கலைஞர் ஆல் கூப்பர் வற்புறுத்தினார். 1969-இல் 'டைம் ஆஃப் த சீசன்' அங்கே பாடல் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போனது.

ஒரு வாரம் கேட்டும் மனதில் ஒட்டவில்லையா? சரி, விட்டுவிடுங்கள். மறக்கப்பட்டது எல்லாமே பொக்கிஷம் இல்லை.

ஒட்டிவிட்டால், அடுத்த வாரத்துக்கு ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்', 1972. மொத்தமே அரை மணி நேரத்துக்கும் குறைவு. இரண்டே இரவுகளில் பதிந்தது. ஊர் அடங்கியபின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். முதல் பாட்டில் கிடாருக்கு மேல் சில நொடிகள் ஒரு பியானோ வந்து போகும். அதன்பின் கடைசி வரை அவரும் கிடாரும்தான்.